கிணற்றுக்கட்டில் நின்றிருந்தவர்

உரும்பிராய்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய 'ஊர்முகம்' ஆசிரியர் திரு. லெனாட் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தினரும், தங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் அந்தப் பொறுமைசாலிப் பிள்ளையும் சகல சுகமும் பெற்றிருக்க எங்களூர்ப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். மனைவிக்குப் பிரசர் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. எனக்கு ஏறியது இந்த வாரம்தான். அதற்குக் காரணம் தாங்கள் அனுப்பிய கட்டுரை.

முதலில் நன்றி. என் மனைவி பாலேஸ்வரியைப் பற்றி அடுத்த இதழில் வரப்போகும் கட்டுரையை, அச்சேற்றுவதற்கு முன்பு எங்களுக்கு அனுப்பி, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்களே, இந்தப் பண்பு எல்லாருக்கும் வராது. நான் ஓய்வுபெற்ற செய்தியை ஒரு பத்திரிகை போட்டபோது என் படத்தைத் தவறுதலாக மரண அறிவித்தல் பக்கத்தில் போட்டுவிட்டது. மலர்வளையத்தோடு இரண்டு பேர் பண்டத்தரிப்பிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தவன் நான். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதென்று தேத்தண்ணி கொடுத்தோம். குடித்துவிட்டு, வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோவதா வைத்துவிட்டுப் போவதா என்று அவர்கள் பட்ட பாடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த அனுபவம் உள்ளவன் என்பதால் சொல்கிறேன், தாங்கள் செய்தது பெரிய காரியம்.

கட்டுரையைச் சரிபார்க்கும்படி தாங்கள் கேட்டது என் மனைவியை. அவர் அதை என்னிடம் தந்து, "இஞ்சேருங்கோ, நீங்களே பாருங்கோ, எனக்கு வகுப்பிருக்கு" என்று சொல்லிவிட்டுத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானோ முப்பது வருடத்துக்கு மேல் அரச அலுவலகத்தில் கோப்பெழுதும் லிகிதராக இருந்தவன். அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிக்காவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. சிவப்புப் பேனையைத் தேடி எடுத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தேன்.

கட்டுரை நன்றாகவே வந்திருக்கிறது. எழுதிய பிரதீபாப் பிள்ளைக்கு நல்ல கை. முதலாம் பக்கத்தில் என் மனைவி பீற்றூட் தோட்டத்தில் நின்றதாக எழுதியிருக்கிறார். அது வெங்காயம். மற்றபடி நடந்தது நடந்தபடி இருக்கிறது. தாங்கள் அறிந்ததுதான் என்றாலும், என் மனக்குறை தங்களுக்கு விளங்கவேண்டுமானால் அதை நானும் ஒருமுறை சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டம் கந்தப்பு அண்ணையுடையது. அவருடைய கிணற்றில் ஓர் ஆமை இருக்கிறது. கடந்த மாசி மாதம் ஒருநாள் காலை, பின்வீட்டுச் சுபாஜினியின் மகள் ஆரணி, முதலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, ஆமையைப் பார்க்கக் கிணற்றுக்கட்டில் ஏறி எட்டிப் பார்த்து உள்ளே விழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு. ஆனால் நீந்தத் தெரிந்த பெண்பிள்ளை அன்றைக்கு என் மனைவி ஒருவர்தான், ஏனென்றால் அவர் பருத்தித்துறையில் கடற்தொழில் செய்கிற வீட்டில் பிறந்தவர். சத்தம் கேட்டதும் வெங்காயப் பாத்தியால் மிதித்து ஓடி வந்தார், கிணற்றைப் பார்த்தார், குதித்தார். அறுபது வயது கடந்த மனுஷி, வீட்டுச் சட்டையோடு. இரண்டாம் முறை முக்குளித்தபோது பிள்ளை கையில் இருந்தது. நீர்ப்பம்பின் குழாயை ஒரு கையாலும் பிள்ளையை மறுகையாலும் பிடித்துக்கொண்டு, கந்தப்பு அண்ணை ஏணியை இறக்கும்வரை தண்ணீருக்குள் கிடந்தார். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒரு பிழையும் இல்லையென்று அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

அதற்கடுத்த கிழமை சுபாஜினி வந்து, "மாமி, பிள்ளைக்கு நீந்தப் பழக்கிவிடுங்கோ" என்றார். பிறகு இன்னொரு தாய் வந்தார். பிறகு தாய்மாரே தங்களுக்கும் பழக்கும்படி கேட்டார்கள். இப்போது கந்தப்பு அண்ணையின் தோட்டத்துத் தண்ணீர்த்தொட்டியில் சனி ஞாயிறுகளில் வகுப்பு நடக்கிறது. அவர் தொட்டியைப் பாசி போக உரஞ்சிக் கழுவி, புதுத் தண்ணீர் இறைத்துவிடுகிறார். மிதக்கப் பழகிய பெரிய பிள்ளைகளை உழவு இயந்திரத்தின் பழைய ரியூப் ஒன்றோடு கிணற்றுக்குள் இறக்குகிறார் என் மனைவி. இவ்வளவையும் பிரதீபாப் பிள்ளை மூன்றரைப் பக்கத்தில் அழகாக எழுதியிருக்கிறார்.

அந்த மூன்றரைப் பக்கத்தில் நான் வருவது ஒரே ஓர் இடத்தில். "அப்போது கணவர் நமசிவாயம் கிணற்றுக்கட்டில் நின்றிருந்தார்." அவ்வளவுதான், ஐயா. ஆமைக்கு இரண்டு வரி கிடைத்திருக்கிறது.

நான் பெருமைக்கு அலைகிறவனல்ல. ஆனாலும் முதல் வாசிப்பில் ஏதோ விடுபட்டுப்போனது என்று நினைத்துத் திருப்பி வாசித்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டனவோ என்று பிரித்துப் பார்த்தேன். படமெடுத்துக் கனடாவில் இருக்கும் எங்கள் மகள் தனுஷாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், ஒரு பிள்ளையாவது தகப்பனைத் தேடும் என்ற நம்பிக்கையில். "அப்பா, அம்மாவை நினைச்சு அழுதிட்டன். அந்த ஆமை இன்னும் இருக்கோ?" என்று பதில் வந்தது.

நின்றிருந்தார் என்பது ஒரு வேலையா? தந்திக் கம்பமும்தான் நிற்கிறது. உண்மையில் நான் அன்றைக்குச் சும்மா நிற்கவில்லை. கயிறு எறிந்தேன். எனக்குத் தண்ணீரென்றால் ஆகாது, குளிப்பதே வாளியில்தான், கிணற்றை எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அப்படியிருந்தும் விளிம்புவரை போய்க் கயிறு எறிந்தேன். ஆகவே அந்த வரியை வெட்டிவிட்டு, "அப்போது கணவர் நமசிவாயம் சற்றும் நிதானம் இழக்காது கயிற்றை எறிந்து மீட்புப் பணிக்கு உறுதுணை புரிந்தார்" என்று சிவப்புப் பேனையால் எழுதினேன். எழுதிய பிறகு, அலுவலகப் பழக்கம் விடாதே, சாட்சி இல்லாமல் ஒரு திருத்தத்தை அனுப்பக்கூடாது என்று நினைத்து, கொடியில் கிடந்த சேட்டை மாட்டிக்கொண்டு கந்தப்பு அண்ணையிடம் போனேன்.

அவர் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்கு நான் கயிறு எறிஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்குத்தானே?"

"ஏன் இல்லாமல்? நல்லா எறிஞ்சனி."

"அப்ப அதை ஒருக்கா எழுதித் தருவியளோ? சஞ்சிகைக்கு அனுப்ப வேணும்."

"தாறன் தம்பி. மற்றத் தலைப்பையும் சேத்தெறிஞ்சதை எழுதட்டோ, விடட்டோ?"

கயிற்றுக்கு இரண்டு தலைப்பு உண்டென்பது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் முழுக் கயிறும் போய்விட்டது, அவ்வளவுதான். "அதை எடுக்கப் பிறகு நான் ஒருக்கா இறங்கினனான். புதுக் கயிறெல்லே" என்று அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். அந்தச் சாட்சியத்தை எழுத்தில் வாங்கவேண்டாமென்று தீர்மானித்து, நேராகச் சுபாஜினி வீட்டுக்குப் போனேன்.

சுபாஜினி நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. மர வாங்கில் இருத்தி, தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் வைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, உங்கடை குரலைக் கேட்டுத்தான் நான் குசினிக்குள்ளாலை ஓடி வந்தனான். இல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பேனையைத் திறந்தேன். "நான் என்ன சொல்லிக் கூப்பிட்டனான் பிள்ளை? சொன்னால் அப்பிடியே எழுதிவிடலாம்."

சுபாஜினி தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "அது மாமா... 'பாலேஸ், உமக்குப் பிரசர் இருக்கு, குதியாதையும்' எண்டுதான் கத்தினீங்கள்."

ஆசிரியர் அவர்களே, நான் அப்படிச் சொல்லியிருப்பேன். அது என் குரல்தான், என் சொற்கள்தான். ஆனால் சத்தியமாக எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. பேனையை மூடினேன். அப்போது ஆரணி பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்து எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

"தாத்தா, நான் கிணத்துக்கை இருந்து மேலை பாத்தனான். உங்கடை மொட்டைத் தலை வடிவாத் தெரிஞ்சது."

"பயந்தனீங்களோ அம்மா?"

"முதல் பயம். பிறகு பாலேஸ் அம்மம்மா பிடிச்சிட்டா. நீங்கள் மேலை நிண்டு அழுதனீங்கள். எனக்கு மேலை சொட்டுச் சொட்டா விழுந்தது."

"அது வேர்வை" என்றேன். சுபாஜினி எழுந்துபோய் அடுப்பில் ஒன்றும் இல்லாத சட்டியைக் கிண்டினார்.

இனி எனக்கு மிச்சமிருந்த வழி பிரதீபாப் பிள்ளையிடம் நேரே கேட்பது. தொலைபேசி எடுத்து, குறையாக எடுக்கக்கூடாது, கட்டுரை திறம், ஆனால் கணவர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றி இன்னும் ஒரு வசனம் எழுத இடமிருக்காதா என்று, ஓர் உத்தியோகத்தர் மற்ற உத்தியோகத்தரிடம் கேட்கிற மாதிரி பட்டும் படாமலும் கேட்டேன்.

"அங்கிள், உங்களைப் பற்றி ஒரு நீளப் பந்தி இருந்தது. அன்ரிதான் வெட்டச் சொன்னவ."

"என்னெண்டு எழுதியிருந்தனீங்கள் பிள்ளை?"

"அதை நான் சொல்லக்கூடாது அங்கிள். அன்ரி அப்பிடிக் கேட்டவ. நீங்கள் அவவையே கேளுங்கோ."

தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்குப் பிரசர் ஏறத் தொடங்கியது. மனைவி ஒரு நீளப் பந்திக்குக் கணவனைப் பற்றிப் பேசி, பிறகு அதை வெட்டச் சொல்கிறார் என்றால் அதன் உள்ளடக்கம் என்னவாக இருக்கும்? இத்தனை வருடக் குடித்தனத்தில் அவரிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. சாவகச்சேரிச் சந்தைக்கு மாம்பழம் வாங்கப் போனபோது அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறி, கைதடி தாண்டிக் கொண்டக்டர் எத்தனை ரிக்கற் என்று கேட்டபோது இரண்டு என்று சொல்லிப் பக்கத்தில் பார்த்த கதை ஒன்று. அவருடைய தங்கச்சியின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாரைச் சமையல்காரர் என்று நினைத்து, சாம்பாருக்கு உப்புக் காணாது என்று தோளில் தட்டிச் சொன்ன கதை இன்னொன்று. இப்போது இந்தக் "குதியாதையும்" வேறு சேர்ந்திருக்கிறது. இதில் எதைச் சொன்னாரோ, எல்லாவற்றையும் சொன்னாரோ.

அன்று பின்னேரம் அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரிப் போனேன்.

"இஞ்சேரும், பிரதீபாப் பிள்ளைக்கு என்னைப் பற்றி என்ன சொன்னனீர்?"

"ஒரு பழங்கதை."

"பிறகேன் வெட்டினனீர்?"

"அது ஊருக்குச் சொல்லுற கதையில்லை." முகத்தைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. துருவல் சத்தம் கொஞ்சம் கூடியது. அதற்கு மேல் நின்றால் தேங்காய்க்குப் பிறகு என் முறை வந்துவிடும் போலிருந்ததால் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை. வழக்கமாக வகுப்பு நேரத்தில் நான் வீட்டுக்குள் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பேன். ஈரச் சீமெந்தும் தண்ணீர்ச் சத்தமும் எனக்குத் தூரத்தில் இருந்தால்தான் நல்லது. நேற்று ஏனோ மனம் ஒரு நிலையில் இல்லை. தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்தேன். அமர்ந்த உடனே பிள்ளைகள் தங்கள் துவாய்களையும் மூக்குக்கண்ணாடிகளையும் காதுத் தோடுகளையும் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஓர் அலுமாரி இடம்பெயர்ந்து வந்ததைப் போலத்தான் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வங்கியில் வேலை பார்க்கும் றஜனி என்ற தாய் ஒருவர் மூன்று கிழமையாகத் தொட்டியின் விளிம்பை விடாமல் பிடித்தபடி வருகிறாராம். என் மனைவி அவருடைய முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து, "நான் பிடிச்சிருக்கிறன். கழுத்தை விடும் பிள்ளை. மேலை பாரும். என்ன தெரியுது?" என்றார். "முகில், அன்ரி." "என்ன மாதிரி முகில்?" "வெள்ளையா, நீளமா..." என்று றஜனி சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி கையை மெல்ல எடுத்துவிட்டார். அது றஜனிக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, மடியில் துவாய்களோடு இருந்த எனக்கு. அந்தப் பிள்ளை தன்பாட்டில் மிதந்துகொண்டு முகிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கத்தில் திரும்பி, என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரித்து, வாய் நிறையத் தண்ணீர் குடித்து எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆரணி அதற்குள் தொட்டியின் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்குத் தவளை மாதிரிப் போய், "தாத்தா, பாத்தீங்களோ?" என்று என்னைத்தான் கேட்டாள்.

பார்த்தேன், ஐயா. முப்பது வருடம் கோப்புகளைப் பார்த்தவன், என் வீட்டு மனுஷியை அப்படி உட்கார்ந்து பார்த்தது நேற்றுத்தான். ஆரணி உயிரோடு தண்ணீரை அளைந்துகொண்டிருக்க, நான் ஒரு கயிற்றுக்குச் சாட்சி தேடி ஊர் முழுக்கத் திரிந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. நான் அன்றைக்குச் சொன்னதை என் மனைவி கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நல்ல காலம், அவர் என் சொல்லைக் கேட்கிறவரல்ல. அதற்கும் பிள்ளையாருக்கு நன்றி சொல்லவேண்டும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் எழுதிய திருத்தங்களையெல்லாம் வெள்ளை மை பூசி அழித்திருக்கிறேன். சில இடங்களில் மை தடித்துவிட்டது, மன்னிக்கவும். பீற்றூட்டை மட்டும் வெங்காயமாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உரும்பிராயில் என்னால் வெளியே தலைகாட்ட முடியாது. மற்றபடி "நின்றிருந்தார்" அப்படியே இருக்கட்டும். அது உண்மை. அதற்கு நான் தகுதியானவன். மனைவி வெட்டச் சொன்ன பந்தி எதுவாக இருந்தாலும் வெட்டுண்டபடியே கிடக்கட்டும். அதில் அவர் என்ன சொல்லியிருந்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். அச்சில் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் போதாது.

பிரதீபாப் பிள்ளைக்கு என் ஆசிகளைத் தெரிவியுங்கள். அவர் இன்னும் நூறு பேரைப் பற்றி எழுதவேண்டும், அந்த நூறு பேருக்கும் ஓய்வுபெற்ற லிகிதர்கள் கணவராக வாய்க்காதிருக்க வேண்டும். தங்கள் சஞ்சிகை பிழையின்றியும் பிந்தாமலும் வெளிவந்து, வாசிக்கும் வீடெல்லாம் நிறைவாக இருக்க வாழ்த்துகிறேன். எங்கள் வீட்டைத் தேடி வந்து, ஒரு மனுஷியின் காரியத்தை ஊருக்குக் காட்டியதற்கு மீண்டும் மீண்டும் நன்றி.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத,
செ. நமசிவாயம்
(ஓய்வுபெற்ற லிகிதர்)

பி.கு.: ஆசிரியர் தம்பிக்கு, இது பாலேஸ்வரி எழுதுறது. அவர் கடிதத்தை மேசையிலை விரிச்சபடி வைச்சிட்டுப் பசை வாங்கச் சந்திக் கடைக்குப் போயிட்டார். நான் வாசிச்சுப்போட்டன்.

நான் பிரதீபாவுக்குச் சொன்ன கதை இதுதான். இவர் பருத்தித்துறையிலை வேலை பாத்த காலத்திலை என்னைப் பொம்பிளை கேட்டு எங்கடை வீட்டை வந்தவர். என்னைப் பெத்த அப்பு ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. "தோட்டக்கார வீட்டுப் பொடியன் என்ரை வள்ளத்திலை வந்து கேக்கட்டும், அங்கை சொல்லுறன்" எண்டு மட்டும் சொல்லி அனுப்பிப்போட்டார். வரமாட்டார் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். விடியக் கரையிலை வந்து நிண்டார், சப்பாத்தும் போட்டு, சேட்டை உள்ளுக்கு விட்டுக்கொண்டு. வள்ளத்திலை ஒருக்காக் கால் வைச்சு எடுத்து, திரும்ப வைச்சு ஏறினதை நான் பாத்தனான். நான் வலைக் குவியலுக்குப் பின்னாலை நிண்டனான், அது அவருக்கு இண்டைவரைக்கும் தெரியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போனவர், மத்தியானம் சோந்துபோய் வந்து இறங்கினார். போகேக்கையும் வரேக்கையும் வள்ளத்துக்குள்ளையே சத்தி எடுத்தவராம். நடுவிலை கிடைச்ச இடைவெளியிலை கேட்டவராம். அப்பு வீட்டை வந்து அம்மாவுக்குச் சொன்னது, "உவன் என்ரை வள்ளத்தை நாறடிச்சுப்போட்டான். பிள்ளையைக் குடுப்பம்."

நான் கிணத்துக்கை குதிச்சது பெரிய வேலை இல்லைத் தம்பி, எனக்குத் தண்ணியிலை பயமே இல்லை. இவர் வள்ளத்திலை ஏறினது அப்பிடியில்லை. அந்தக் கதையை எனக்கெண்டு வைச்சிருக்க ஆசைப்பட்டுத்தான் வெட்டச் சொன்னனான். இந்த மனுசன் நான் தன்னைக் குறை சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு திரியுது.

அந்தப் பந்தியைத் திருப்பிப் போடுங்கோ. இடம் காணாட்டி என்னைப் பற்றினதிலை எதையாவது எடுங்கோ. இவருக்கு முதலே சொல்ல வேண்டாம், இதழ் வந்தாப்பிறகு தானே வாசிக்கட்டும். சைக்கிள் மணி கேக்குது, வாறார் போலை. அவர் இதைக் காண முந்தி உறையை நான் சோத்துப் பருக்கையாலை ஒட்டுறன்.